ஒரே கிளப், அதே கிளப்பின் தலைவர்: ஊவே சீலருக்கு அந்த நாற்காலி தேவைதானா?

இடதுகால் எழுதியது:

போன வாரம் வேறு ஒரு இழையில் ஒருவர், "கிளப்புக்காக உயிரைக் கொடுத்து ஆடியவர்களிடமே நிர்வாகத்தையும் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் எழுதினால் இழை திசைமாறிவிடும் என்று இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கால்பந்து கிளப்பான எச்.எஸ்.வி.யின் ஊவே சீலர். 1936இல் அதே ஊரில் பிறந்தவர். அப்பா எர்வின் சீலர் துறைமுகத் தொழிலாளி. அவரும் எச்.எஸ்.வி.க்கு ஆடியவர், அண்ணன் டீட்டரும் அங்கேதான் ஆடினார். மகன் 1954இல் முதல் அணிக்கு வந்து 1972 வரை அசையவில்லை. நாடு தழுவிய லீக்கான பன்டெஸ்லிகா தொடங்குவதற்கு முந்தைய வட்டார லீக்கான வடக்கு ஓபர்லிகாவில் 237 ஆட்டம், 267 கோல். பன்டெஸ்லிகாவில் 239 ஆட்டம், 137 கோல். அந்த லீக்கின் முதல் சீசனில் (1963-64) 30 கோல் அடித்து முதல் கோல் மன்னன் பட்டமும் அவருக்குத்தான். ஜெர்மனிக்கு 72 ஆட்டம், 43 கோல். 1958, 62, 66, 70 என நான்கு உலகக் கோப்பையிலும் கோல் அடித்தார்.

இவ்வளவு ஆடியும் கிளப்போடு வென்ற பெரிய கோப்பைகள் இரண்டே இரண்டு. 1960இல் கோல்ன் அணியை 3-2 என்று வென்று ஜெர்மன் சாம்பியன். அதில் சீலருக்கு இரண்டு கோல். 1963இல் டார்ட்மண்டை 3-0 என்று வென்று ஜெர்மன் கோப்பை. மூன்று கோலும் அவருடையதே.

1995இல் கிளப் தள்ளாடியபோது தலைவரானார். 1998இல் நிதி விவகாரம் ஒன்று வெடித்து, பதவி விலகிப் போனார். அவர் ஒரு காசு எடுத்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அந்த மூன்று வருடம் அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

கேள்வி இதுதான்: விசுவாசம் ஒரு தகுதியா? அப்படி உட்கார வைப்பது அந்த மனிதருக்கே செய்யும் அநியாயம் இல்லையா?

---

ஆஃப்சைடு ஆறுமுகம் எழுதியது:

முதலில் ஒரு சின்ன ஆட்சேபம். சீலர் ஒரே கிளப் ஆள் கிடையாது. 1978 ஏப்ரலில் அயர்லாந்தின் கார்க் செல்டிக் அணிக்காக ஓர் ஆட்டம் ஆடியிருக்கிறார். லீக் ஆட்டம். பதிவேட்டில் இருக்கிறது. 🙂

---

இடதுகால் எழுதியது:

இதைச் சொல்ல யாராவது வருவார்கள் என்று தெரியும், நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்றும் தெரியும். அப்போது அவருக்கு வயது 41. அடிடாஸ் ஏற்பாடு செய்த காட்சி ஆட்டம் என்று நினைத்துக்கொண்டு போய் இறங்கினார். எதிரே ஷாம்ராக் ரோவர்ஸ். 6-2 என்று தோற்றார்கள், அந்த இரண்டு கோலும் இவருடையது. இதை வைத்து ஒரு மனிதனின் 18 வருடத்தைக் கழித்துவிட முடியுமா?

---

ஆஃப்சைடு ஆறுமுகம் எழுதியது:

கழிக்கவில்லை அண்ணே, அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். காட்சி ஆட்டம் என்று நினைத்துப் போய் லீக் ஆட்டத்தில் இரண்டு கோல் அடிப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்.

---

பழைய பந்து எழுதியது:

1961 பற்றிப் பேசாமல் சீலரைப் பற்றிப் பேசவே கூடாது.

அந்த வசந்த காலத்தில் இத்தாலியின் இன்டர் மிலான் கிளப்பின் பயிற்சியாளர் ஹெலேனியோ ஹெரேரா நேரே ஹாம்பர்க்குக்கே வந்தார். ஓட்டலில் நாள் கணக்கில் பேச்சுவார்த்தை. பத்து லட்சம் மார்க்கைத் தாண்டிய தொகை மேசையில் இருந்தது. அப்போது ஜெர்மனியில் நாடு தழுவிய லீக்கே இல்லை. சம்பளத்துக்கு உச்சவரம்பு வேறு. 1963இல் பன்டெஸ்லிகா வந்தபோதுகூடப் பொதுவான உச்சவரம்பு மாதம் 1,200 மார்க்தான். அப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு அந்தப் பணத்தை வேண்டாம் என்றார்.

அவர் போகாததால் இன்டர் அந்தக் கோடையில் பார்சிலோனாவிலிருந்து லூயிஸ் சுவாரஸை வாங்கியது. 1964, 65 இரண்டு வருடமும் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இன்டருக்கு. சீலர் எதைத் துறந்தார் என்று தெரியவேண்டும் என்றால் அந்த இரண்டு கோப்பையைப் பார்த்தால் போதும். அதே 1961 மே மாதம்தான் இன்டரில் 18 வயதுப் பையன் ஒருவன் அறிமுகமானான். பெயர் ஜாச்சிந்தோ ஃபக்கெத்தி. சீலர் சரி என்று சொல்லியிருந்தால் பின்னாளில் கிளப் தலைவர்களான இருவரும் ஒரே உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருப்பார்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

பழைய பந்து சார் சொல்வது உண்மை, ஆனால் பாதி. அவர் வேண்டாம் என்று சொன்னதில் பாசம் மட்டும் இல்லை, கணக்கும் இருந்தது. அதே காலத்தில் அடிடாஸின் வட ஜெர்மனி விற்பனைப் பிரதிநிதி வேலை அவருக்குக் கிடைத்தது. காரில் காலணிப் பெட்டிகளோடு கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்கும் வேலை. கால் போனாலும் சோறு போடும் தொழில்.

1965 பிப்ரவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் குதிகால் தசைநாண் அறுந்தது. அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் ஆட்ட வாழ்க்கையின் முடிவு. அடிடாஸ் நிறுவனர் ஆடி டாஸ்லர் அவருக்கென்று தனியாகக் காலணி தைத்துக் கொடுத்தார். செப்டம்பரிலேயே ஸ்டாக்ஹோமில் ஸ்வீடனுக்கு எதிரான தகுதிச்சுற்று ஆட்டத்தில் இறங்கி வெற்றிக் கோலும் அடித்தார். பெக்கன்பவருக்கு அதுதான் முதல் சர்வதேச ஆட்டம்.

நான் சொல்ல வருவது, அவர் ஏமாளி இல்லை. நிதானமான ஆள். ஊரை விட்டுப் போக விரும்பாத, கையில் இருப்பதை வைத்துத் திட்டம் போடுகிற ஆள். ஆனால் கடை கடையாக ஆர்டர் எடுப்பதற்கும் ஒரு கிளப்பின் வரவு செலவை மேற்பார்வை பார்ப்பதற்கும் சம்பந்தம் கிடையாது. 1995இல் அவரைக் கூப்பிட்டவர்கள் அவருடைய கணக்கறிவுக்காகக் கூப்பிடவில்லை. பெயருக்காகக் கூப்பிட்டார்கள்.

---

நீலக்கறுப்பு நெல்லை எழுதியது:

ஃபக்கெத்தி பெயர் வந்துவிட்டது, இனிமேல் நான் சும்மா இருக்க முடியாது.

1961 முதல் 1978 வரை இன்டர் மட்டும். 634 ஆட்டம், 75 கோல். இடது பின்கள ஆட்டக்காரர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்த 75ஐப் படியுங்கள். 1965-66 லீக்கில் மட்டும் 10 கோல். அதற்கு முந்தைய சீசனில் லிவர்பூலிடம் 3-1 என்று தோற்றுவிட்டு, மிலானில் 3-0 என்று திருப்பி அடித்தார்களே, அந்த மூன்றாவது கோல் இவருடையது. பின்களத்தில் இருந்து ஓடி வந்து பெட்டிக்குள் நுழைந்து அடித்தது. இத்தாலிக்கு 94 ஆட்டம், 1968இல் நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணியின் கேப்டன். அந்த அரையிறுதி சோவியத்துடன் கோலே இல்லாமல் முடிந்து, நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள். சரியான பக்கம் சொன்னவர் ஃபக்கெத்திதான்.

2004 ஜனவரியில் கிளப்பின் முதலாளி மொராத்தி தலைவர் பதவியிலிருந்து விலகியதும் இவர் தலைவரானார். 2006 செப்டம்பரில் புற்றுநோயால் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். இடையில் 2005, 2006 இத்தாலியக் கோப்பைகள். அவருடைய 3ஆம் எண் சட்டையை இன்டர் இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை. இவருக்கு நாற்காலி ஒன்றும் கெடுதல் செய்யவில்லை.

---

ஆஃப்சைடு ஆறுமுகம் எழுதியது:

2011இல் இத்தாலியக் கால்பந்து சம்மேளனத்தின் வழக்கறிஞர் அறிக்கையில் அவர் பெயரும் வந்ததே? நடுவர் நியமனத்தைக் கவனிப்பவர்களோடு பேசிய தொலைபேசி உரையாடல்கள் விவகாரம்.

---

நீலக்கறுப்பு நெல்லை எழுதியது:

வந்தது. காலாவதி ஆன விஷயம் என்பதால் விசாரணையே நடக்கவில்லை. இறந்து ஐந்து வருடம் ஆன மனிதர் எழுந்து வந்து பதில் சொல்லவும் முடியாது. எங்கள் போட்டிக் கிளப்பான யுவென்டஸ்காரர்கள் ஒரு மாதிரிச் சொல்வார்கள், நாங்கள் ஒரு மாதிரிச் சொல்வோம். அதை இங்கே இழுத்தால் நூறு பக்கம் போகும், விடுங்கள்.

---

இடதுகால் எழுதியது:

நெல்லை, நீங்கள் வேண்டாம் என்றாலும் என் வாதத்துக்கு அது உதவுகிறது. ஆட்டக்காரனாகவே இருந்திருந்தால் ஃபக்கெத்தி பெயர் அந்த அறிக்கைக்குள் போயிருக்குமா? 18 வருடத்தில் ஒரே ஒரு முறைதான் சிவப்பு அட்டை வாங்கினார், அதுவும் நடுவரைப் பார்த்துக் கிண்டலாகக் கை தட்டியதற்கு. அப்படிப்பட்டவருக்கும் நாற்காலி ஒரு கறையைப் பூசிவிட்டுத்தான் போனது. நியாயமான கறையா இல்லையா என்பது வேறு.

---

மறுபாதி எழுதியது:

எல்லோரும் ஒருவரை வசதியாக மறந்துவிட்டு வாதாடுகிறீர்கள். ஜாம்பியேரோ பொனிபெர்த்தி.

1946 முதல் 1961 வரை யுவென்டஸ் மட்டும். லீக்கில் 178 கோல், ஐந்து பட்டம். கடைசி ஆட்டம் 1961 ஜூனில் இன்டருக்கு எதிராக, 9-1. (இன்டர் கோபத்தில் இளைஞர் அணியை அனுப்பியிருந்தது, அந்த ஒரு கோலை அடித்தவர் சாந்த்ரோ மத்ஸோலா. நெல்லை மன்னிக்கவும்.) ஆட்டம் முடிந்ததும் காலணிகளைக் கழற்றி அணியின் உடைகளைப் பார்த்துக்கொள்பவரிடம் கொடுத்து, இனி இவை எனக்குத் தேவையில்லை என்றார். வயது 32.

1971இல் தலைவர். 1990 வரை இருந்தார். அந்தக் காலத்தில் ஒன்பது இத்தாலிய லீக் பட்டம். 1977 யூ.ஈ.எஃப்.ஏ. கோப்பை, 1984 கோப்பை வென்றோர் கோப்பை, 1985 ஐரோப்பியக் கோப்பை. 1976இல் த்ரப்பத்தோனியைப் பயிற்சியாளராகக் கொண்டு வந்ததும், 1982இல் பிளாத்தினியை வாங்கியதும் இவர் காலத்தில்தான். இத்தனைக்கும் அரங்கில் பாதி ஆட்டத்துக்கு மேல் உட்கார மாட்டார். இடைவேளையில் எழுந்து போய்விடுவார், பதற்றம் தாங்காது.

ஆட்டக்காரராக இருந்தபோது அவர் பேரம் பேசிய கதை ஒன்று சொல்வார்கள். வெற்றிக்குப் பரிசாக, கிளப்பின் முதலாளிகளான அன்யெல்லி குடும்பத்துப் பண்ணையிலிருந்து ஒரு மாடு தருவதாகப் பேச்சு. இவர் போய்ப் பார்த்துப் பார்த்துச் சினை மாடாகத் தேர்ந்தெடுத்து ஓட்டிக்கொண்டு வருவாராம். ஒன்றுக்கு இரண்டு. இப்படி ஆட்களிடம்தான் நாற்காலியைக் கொடுக்க வேண்டும்.

ஆக, ஒரே கிளப் ஆள் தலைவராகலாமா என்றால், தாராளமாக ஆகலாம். சீலர் தோற்றார் என்பதற்காக விசுவாசத்தையே குறை சொல்லாதீர்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

மறுபாதி, நல்ல உதாரணம், ஆனால் இரண்டும் ஒரே நாற்காலி இல்லை.

யுவென்டஸின் ஊரான டூரினில் தலைவர் என்பவர் அன்யெல்லி குடும்பம் நம்பி அமர்த்திய மேலாளர். பின்னால் அவர்களுடைய கார் நிறுவனம் ஃபியட் நிற்கிறது. பற்றாக்குறை வந்தால் முதலாளி பார்த்துக்கொள்வார். தலைவர் ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சம்பளத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். இன்டரிலும் மொராத்தி விலகினாரே தவிரப் பணம் அவருடையதுதான். ஃபக்கெத்தி இறந்ததும் அவரே திரும்பி வந்து உட்கார்ந்தார்.

ஹாம்பர்க் அப்படி இல்லை. அது பதிவு செய்யப்பட்ட சங்கம். உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள், அது கௌரவப் பதவி. கால்பந்துப் பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரிக்கலாம் என்று ஜெர்மன் சங்கம் விதியை மாற்றியதே 1998 அக்டோபரில்தான். எச்.எஸ்.வி. 2014இல்தான் அதைச் செய்தது. போதாக்குறைக்கு 1995 டிசம்பரில் போஸ்மன் தீர்ப்பு. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் வேறு கிளப்புக்குப் போனால் பழைய கிளப்புக்கு இனி மாற்றுத் தொகை கிடையாது. ஆட்டக்காரர்களை விற்று ஓட்டை அடைத்துக்கொண்டிருந்த கிளப்புகளுக்கு அது பேரிடி. சீலர் பொறுப்பேற்ற சீசனிலேயே வந்தது.

அந்த நேரத்தில் கிளப்பின் நிதிப் பொறுப்பில் இருந்தவர்கள் கிழக்கு ஜெர்மனியில் கட்டட முதலீடு என்று இறங்கினார்கள். ஜெர்மனி இணைந்த பிறகு அந்தப் பக்கம் வீடு கட்டினால் வரிச் சலுகை, அள்ளலாம் என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்த காலம். அது ஊழல் புகாராக முடிந்தபோது மேலே யார் பெயர் இருந்தது? ஊவே சீலர். கையெழுத்துப் போட்ட காகிதத்தை எல்லாம் அவர் வரி விடாமல் படித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நம்பினார். நம்புவது அவர் சுபாவம். அந்தச் சுபாவத்துக்காகத்தான் ஊரே அவரை நேசித்தது.

---

வடகடல் எழுதியது:

நான் இங்கே ஹாம்பர்க் பக்கத்தில் வேலை பார்க்கிறேன், எனவே கொஞ்சம்.

அந்த மூன்று வருடத்தை முழுத் தோல்வி என்று இங்கே யாரும் பேசுவதில்லை. 1995 அக்டோபரில் ஃபீலிக்ஸ் மகாத்தைப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். அணி அந்த சீசனில் 5ஆவது இடம். யூ.ஈ.எஃப்.ஏ. கோப்பையில் செல்டிக், ஸ்பார்டக் மாஸ்கோ இரண்டையும் வென்று மொனாக்கோவிடம் தோற்றார்கள். அடுத்த சீசன் 13ஆவது இடத்துக்கு இறங்கி, மகாத் வேலை போனது, அது வேறு. பழைய ஃபோல்க்ஸ்பார்க் அரங்கில் சுற்றி ஓடுகளம் இருக்கும், பந்து எங்கேயோ தூரத்தில் தெரியும். அதை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலைக்கு அடித்தளம் போடப்பட்டதும் சீலர் காலத்தில்தான். 1998இல் வேலை தொடங்கி 2000இல் முடிந்தது. மைதானத்தையே 90 பாகை திருப்பிவிட்டார்கள்.

அரங்கத்துக்கு வெளியே 2005 முதல் அவருடைய வலது கால் வெண்கலத்தில் நிற்கிறது. கால் மட்டும், கணுக்கால் வரை. ஆள் உயரத்தைத் தாண்டி இருக்கும். ஆட்ட நாளில் பிள்ளைகள் விரல்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். நகம், விரல் மடிப்பு எல்லாம் அச்சு அசல். நாற்காலியைச் செய்து வைக்காமல் காலைச் செய்து வைத்தார்கள். ஊருக்கு எது முக்கியம் என்று தெரியும்.

---

பழைய பந்து எழுதியது:

வடகடல் தம்பி மகாத்தைச் சொன்னதும் இன்னொன்று தோன்றியது. மறுபாதி, உங்களுக்குப் பிடிக்காது.

1983 மே, ஏதென்ஸ், ஐரோப்பியக் கோப்பை இறுதி. யுவென்டஸ், அதன் தலைவர் உங்கள் பொனிபெர்த்தி. அணியில் பிளாத்தினி, ரோஸ்ஸி, ஸோஃப். எதிரே ஹாம்பர்க். ஒன்பதாவது நிமிடத்திலேயே, அப்போது ஆட்டக்காரராக இருந்த மகாத் இடது காலால் அடித்தார், 1-0. கடைசி வரை அதுவே.

அந்த ஹாம்பர்க்கைக் கட்டியவர் யார்? குன்டர் நெட்ஸர். மான்சன்கிளாட்பாக்கிலும் ரியல் மாட்ரிடிலும் ஆடியவர். ஹாம்பர்க்குக்கு ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. 1978இல் அரங்க இதழை நடத்த அனுமதி கேட்டு வந்தவரிடம் மேலாளர் வேலையையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். 1979, 82, 83 மூன்று பட்டமும் அவர் காலத்தில். ஏர்ன்ஸ்ட் ஹாப்பலைப் பயிற்சியாளராகக் கொண்டு வந்ததும் அவர்தான்.

ஒரே கிளப்பில் 18 வருடம் ஆடிய மகன் தலைவராக இருந்தபோது அணி 13ஆவது இடம் வரை இறங்கியது. ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் வந்து ஐரோப்பாவையே வென்று கொடுத்தார்.

---

மறுபாதி எழுதியது:

ஏதென்ஸை நினைவூட்டியதற்கு நன்றி சார். என் அப்பா இன்னும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச மாட்டார். 😑

ஆனால் நீங்கள் சொன்னதே எனக்கும் உதவும். நெட்ஸர் மேலாளர், தலைவர் இல்லை. 1995இல் சீலருக்குக் கீழே நெட்ஸர் மாதிரி ஓர் ஆள் இருந்திருந்தால் கதை வேறு. தவறு சீலர் தலைவரானதில் இல்லை. அவரைச் சுற்றி யார் இருந்தார்கள் என்பதில் இருக்கிறது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

சுற்றி யாரை வைத்துக்கொள்வது என்பதுதானே தலைவரின் முதல் வேலை?

---

ஆஃப்சைடு ஆறுமுகம் எழுதியது:

கோல்.

---

இடதுகால் எழுதியது:

எனக்கு இதில் வருத்தமாக இருப்பது ஒன்றுதான். சீலரின் ஆட்டத்திலேயே அவர் எப்படிப்பட்ட ஆள் என்பது தெரிந்துவிடும். 1970இல் மெக்ஸிகோ போகும்போது வயது 33. கோல் அடிக்க இளையவர் கெர்ட் முல்லர் வந்துவிட்டார். இருவரும் சேர்ந்து ஆட முடியாது என்று பத்திரிகைகள் எழுதின. சீலர் அணியின் கேப்டன், நினைத்திருந்தால் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். பின்வாங்கி நடுக்களத்துக்குப் போனார். முல்லர் 10 கோல் அடித்தார்.

அந்தத் தொடரில் இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதியை மறுபடி பார்த்தேன். லியோன் நகரம், உச்சி வெயில். இங்கிலாந்து 2-0 முன்னிலை. பெக்கன்பவர் ஒன்று போடுகிறார். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் போல இருக்கும்போது இடது பக்கத்திலிருந்து ஷ்னெல்லிங்கர் பந்தைத் தூக்கிப் போடுகிறார். சீலர் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். திரும்ப நேரமில்லை. பின்னால் சாய்ந்தபடி எகிறுகிறார், பந்து பின்மண்டையில் பட்டு வளைந்து கோல்காப்பாளர் பொனெட்டியின் தலைக்கு மேலே போய் உள்ளே விழுகிறது. ஐந்தரை அடி உயரம் கொண்ட மனிதர். அவருக்கே அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்காது. கூடுதல் நேரத்தில் முல்லர் அடித்து 3-2.

இந்த ஆளைக் கொண்டுபோய் நிதிநிலை அறிக்கைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். "எங்கள் ஊவே இருக்கிறார், கவலைப்படாதீர்கள்" என்று உறுப்பினர்களுக்கும் வங்கிகளுக்கும் காட்டுவதற்காக.

---

வடகடல் எழுதியது:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பதவி போன பிறகு ஊர் அவரைக் கைவிடவில்லை. 2003இல் ஹாம்பர்க் நகரம் கௌரவக் குடிமகன் ஆக்கியது. பதவி விலகி ஐந்தே வருடம். 2022 ஜூலையில் 85 வயதில் இறந்தார். அப்போது கிளப் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. 2018இல் முதல் முறையாக இறங்கியது, 2025இல்தான் மீண்டும் மேலே வந்தார்கள். அந்த ஏழு வருடத்துக்குக் காரணமானவர்கள் என்று இங்கே சொல்லப்படும் பெயர்களில் சீலர் பெயரை நான் கேட்டதே இல்லை. எனவே "கறை" என்பதெல்லாம் கொஞ்சம் அதிகம் இடதுகால்.

---

இடதுகால் எழுதியது:

ஊர் மன்னித்தது என்பதும், ஊர் அவரை அதில் தள்ளிவிட்டது என்பதும் இரண்டுமே உண்மையாக இருக்கலாம் இல்லையா? என் கோபம் அவரைக் கூப்பிட்டவர்கள் மேல். அதை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

---

ஆஃப்சைடு ஆறுமுகம் எழுதியது:

அப்படியானால் வுல்ஃப்காங் ஓவரத்தையும் இந்தக் கணக்கில் சேருங்கள். கோல்ன் மட்டும், 1977 வரை. 1974 உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். பன்டெஸ்லிகாவில் 409 ஆட்டம். 2004இல் தலைவர். ஆட்டக்காரர் பொடோல்ஸ்கியை பயர்ன் மியூனிக் கிளப்பிடமிருந்து திரும்பக் கூட்டி வந்தார். 2011 நவம்பரில் உறுப்பினர் கூட்டத்திலேயே திடீரென்று எழுந்து, விலகுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மே மாதம் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. கார்க் செல்டிக்குக்கும் ஆடவில்லை, இவர் சுத்தமான ஒரே கிளப் ஆள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் ஜெர்மன் சங்கத்தில் இரண்டு பேர், இருவருமே பாதியில் எழுந்து போனார்கள். முதலாளிக் குடும்பம் பின்னால் நின்ற இத்தாலியில் இரண்டு பேர், இருவரும் தாக்குப்பிடித்தார்கள். நாலே பேரை வைத்து விதி எழுத முடியாது, இருந்தாலும் நான் எந்தப் பக்கம் பணம் கட்டுவேன் என்று உங்களுக்கே தெரியும்.

---

மறுபாதி எழுதியது:

ஓவரத் காலத்தில் அணி 2006இல் இறங்கி 2008இல் ஏறி, அவர் போனதும் மறுபடி இறங்கியது, அதற்குத் தனி இழையே வேண்டும். ஆறுமுகம், நீங்களே தொடங்குங்கள். பொனிபெர்த்தி பற்றி நான் ஒன்று எழுதுகிறேன், அங்கே ஏதென்ஸ் பற்றி யாரும் பேசக்கூடாது.

---

பழைய பந்து எழுதியது:

அந்த உத்தரவாதம் என்னால் தர முடியாது தம்பி.